ஆசிரியர் ஆண்டவரல்லர்!

ஒருவருக்கு உரியதைத் தராமலிருக்க வேண்டுமா? எளிய வழி ஒன்று உண்டு இந்நாட்டிலே. அவரை வானளாவப் புகழ்ந்துவிடுவது! புகழ்ந்த பிறகு, கேட்க வேண்டியதைக் கேட்க அவருக்கே கூச்சம் வந்துவிடும்.

உழவனைப் புகழ்ந்தார்கள், ஊருக்கெல்லாம் சோறிடும் வள்ளல் என்று. அவன் கலயத்திலே கஞ்சி உண்டா என்று எட்டிப் பார்க்கவில்லை. பெண்ணைப் புகழ்ந்தார்கள், குடும்பத்தின் குலவிளக்கு என்று. மூதாதையர் சொத்திலே மகனைப்போல் மகளுக்கும் பங்குண்டு என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டில்தான் வந்தது. ஆசிரியரைப் புகழ்ந்தார்கள் — கண்கண்ட தெய்வம் என்று!

தெய்வமாக்கிவிட்டால் எவ்வளவு வசதி! தெய்வத்துக்குக் களைப்பில்லை. தெய்வத்துக்கு வீட்டு வாடகை இல்லை. நள்ளிரவிலே தூக்கம் கெட்டு, நாளைய பொழுதை எண்ணி நெஞ்சு படபடப்பதில்லை. வருவோரெல்லாம் தம் குறையைச் சொல்லலாம். தெய்வம் தன் குறையை எவரிடமும் சொல்லாது. கல்லுக்கு அது இயலும். எலும்பும் தோலும், நரம்பும் நினைவும் கொண்ட மனிதருக்கு இயலுமா?

நாம் கேட்க விரும்புவது ஒரு கேள்விதான்: பிறர் துயரைத் தாங்குவது ஆசிரியரின் அறம் என்றால், அந்த ஆசிரியரின் துயரைத் தாங்குவது யாருடைய அறம்?

கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களை எண்ணியே இதனைக் கேட்கிறோம். நாம் பள்ளியிலே பாடம் சொல்பவர்கள். கல்லூரிப் படிகளைவிட்டு இறங்கி நெடுநாள் ஆகவில்லை. நமக்குக் கற்பித்தவர்களின் முகங்கள் இன்னும் நம் கண்முன் நிற்கின்றன. மாணவராயிருந்த நாளில் அம்முகங்களிலே நாம் கண்டது புன்னகை. இன்று, நாமே வகுப்பறையில் நிற்கும்போது, அந்தப் புன்னகைக்கு அவர்கள் கொடுத்த விலை நமக்கு விளங்குகிறது.

"கல்லூரி ஆசிரியருக்கு என்ன குறை? வாரத்திலே சில மணி நேரம் பேச்சு. மற்ற நேரமெல்லாம் நாற்காலி, நாளிதழ், நல்ல நிழல்!" என்று ஏளனம் பேசுவோர் உண்டு. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறையைப் புரட்டிப் பார்க்கட்டும் அவர்கள். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. மொத்தப் பணி 40 மணி நேரத்துக்குக் குறையலாகாது என்கிறது அது. விடைத்தாள் திருத்தம், தேர்வு மேற்பார்வை, ஆய்வு, கருத்தரங்கு, தரமதிப்பீட்டுக் குழு வருகிறதென்றால் அடுக்கடுக்காய்க் கோப்புகள் — எல்லாம் அந்தக் கணக்கிலே ஏதோ ஓரிடத்தில் அடங்கும். எந்தக் கணக்கிலும் அடங்காத வேலை ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

2021-22ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் கல்லூரிச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. இந்தியா முழுமைக்கும் 28.4. பெருமைதான், பெருமைப்படவே வேண்டும். ஆனால் இந்த எண்ணுக்குப் பின்னே நிற்பவர் யார்? அவர்களிலே பெருந்தொகையினர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளைகள். தந்தை கொத்தனார்; தாய் நூற்பாலைத் தொழிலாளி; வீட்டிலே புத்தகம் வைக்க அலமாரி இல்லை. அந்தப் பிள்ளை வரும்போது ஏட்டை மட்டுமா கொண்டு வருகிறது?

"தேர்வுக் கட்டணம் கட்ட வழியில்லை, ஐயா!" — ஒரு மாணவன்.

"படித்தது போதும், அடுத்த மாதம் கல்யாணம் என்கிறார்கள், அம்மா!" — ஒரு மாணவி.

"விடுதியிலே என் சாதியைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்" — இன்னொருவன்.

"உயிரோடிருக்கவே பிடிக்கவில்லை" — மற்றொருத்தி.

யாரிடம் போய்ச் சொல்வார்கள் இதையெல்லாம்? வீட்டிலே சொன்னால் விளங்காது. அலுவலகத்திலே சொன்னால் படிவம் ஒன்றை நீட்டுவார்கள். ஆசிரியரிடம் வந்து சொல்கிறார்கள். கேட்கும் ஆசிரியர் பதறக்கூடாது, முகம் சுளிக்கக்கூடாது, கலங்கினாலும் கண்ணிலே காட்டக்கூடாது. கேட்டு முடித்ததும் மணி அடிக்கும். எழுந்துபோய், அறுபது பேர் முன்னே நின்று, எதுவும் நடவாததுபோல் பொருளாதாரமோ இயற்பியலோ இனிமையாக நடத்த வேண்டும். பெண் ஆசிரியராயிருந்தால் எதிர்பார்ப்பு இரட்டிப்பு. ஆசிரியராக மட்டும் இருந்தால் போதாது, அன்னையாகவும் இருக்க வேண்டும் என்பார்கள். மாலையிலே வீடு திரும்பினால் அங்கும் அதே வேடம் காத்திருக்கும்.

இதற்கு ஒரு பெயர் வைத்தார், அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ஆர்லி ஹோக்ஷீல்டு. 1983ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலிலே, விமானப் பணிப்பெண்களின் புன்னகையை அவர் ஆராய்ந்தார். மூட்டை தூக்குபவர் தோளைக் கூலிக்குத் தருவதுபோல், இவர்கள் தம் உணர்ச்சியையே கூலிக்குத் தருகிறார்கள். எனவே இதுவும் உழைப்பே — உணர்ச்சி உழைப்பு — என்றார். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என முகத்தை மட்டும் மாற்றிக்கொள்வது ஒருவகை; உள்ளத்தையே வளைத்து, வேண்டிய உணர்ச்சியை வரவழைத்துக்கொள்வது மற்றொரு வகை. இரண்டிலும் தேய்மானம் உண்டு. தோள் தேய்ந்தால் தழும்பு தெரியும்; உள்ளம் தேய்ந்தால் என்ன தெரியும்? "முன்பெல்லாம் நன்றாக நடத்துவார், இப்போது எரிந்து விழுகிறார்" என்ற பழிச்சொல்தான் தெரியும்.

இந்தச் சுமையை எல்லோரும் ஒரே நிலையில் நின்றா சுமக்கிறார்கள்? இல்லை. தமிழ்நாட்டு அரசுக் கலை, அறிவியல் கல்லூரிகளிலே ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கௌரவ விரிவுரையாளர்கள். பெயரைப் பாருங்கள் — 'கௌரவம்'! புகழ்ந்து ஏய்க்கும் கலைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அவர்களில் பலர் முனைவர் பட்டமோ தகுதித் தேர்வு வெற்றியோ பெற்றவர்கள். நிலையான ஆசிரியர் நடத்தும் அதே பாடத்தை, அதே மாணவருக்கு நடத்துபவர்கள். பல்கலைக்கழக மானியக்குழு 2019ஆம் ஆண்டிலே, இத்தகையோருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்றது. 2024-25ஆம் கல்வியாண்டில் இங்கே அவர்கள் பெற்றது மாதம் 25,000. அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம். பன்னிரண்டாம் மாதத்திலே அவர்களுக்குப் பசிக்காது போலும்!

நிலையான இடத்துக்கு வழி? 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிப்பு வந்தது; அவ்வாண்டு ஆகஸ்டில் நடக்கவிருந்த தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. நிலையான வேலையிலிருப்போரும் தப்பவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஊதியம் மாதக்கணக்கில் தாமதப்பட்டு, ஆசிரியரும் ஊழியரும் போராட்டத்தில் இறங்கியதை 2024ஆம் ஆண்டிலே நாடே கண்டது. வீட்டிலே மளிகைக் கடன் தீராத ஆசிரியரிடம், "உயிரோடிருக்கப் பிடிக்கவில்லை" என்று மாணவி வந்து நிற்கிறாள். "நம்பிக்கை இழக்காதே, அம்மா! படித்தால் நல்ல காலம் வரும்" என்கிறார் அவர். எவ்வளவு வலித்திருக்கும், அந்தச் சொல்லைச் சொல்லும்போது! படித்து முடித்தவர் அல்லவா அவர்!

"மனம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். தியானம் செய்யட்டும், மூச்சுப் பயிற்சி செய்யட்டும், பொறுமை பழகட்டும்!" — இது அடுத்த உபதேசம். கல்லூரிகளிலே அதற்கென ஒரு நாள் கூட்டம், மேடை, பொன்னாடை, தேநீர். கூட்டத்துக்கு வந்தவர்கள் மறுநாள் அதே வகுப்பு, அதே கோப்பு, அதே ஊதியத்துக்குத் திரும்புவார்கள்.

இந்த உபதேசத்துக்குப் பின்னே பழைய தத்துவம் ஒன்று இருப்பதையும் மறுக்கவில்லை. உரோமப் பேரரசிலே, எபிக்டீட்டசு என்றொரு ஞானி இருந்தார். வெளியே நடப்பது நம் கையில் இல்லை. அதைப் பற்றிய நம் எண்ணமே நம் கையில் இருக்கிறது. எண்ணத்தை ஆள்பவனே விடுதலை பெற்றவன் என்பது அவர் போதனை. உயர்ந்த போதனை! ஆனால் அவர் யார்? அடிமையாயிருந்தவர். விலங்கை உடைக்க வழியில்லாதவன், உள்ளத்தையாவது காத்துக்கொள்ளக் கண்ட வழி அது, அவனைப் போற்றுவோம். அதே போதனையை அடிமையின் எசமான் எடுத்துச் சொன்னால்? "விலங்கை நான் கழற்ற மாட்டேன், நீ உன் எண்ணத்தை மாற்றிக்கொள்" என்று பொருள்! சொல் ஒன்றுதான், சொல்லும் வாய் மாறியதும் ஞானம் சூழ்ச்சியாகிவிடுகிறது.

தத்துவம் கிடக்கட்டும், பயன் உண்டா என்றாவது பார்ப்போம். ஆக்சுபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் வில்லியம் பிளெமிங், பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 தொழிலாளரின் விவரங்களை ஆராய்ந்து 2024ஆம் ஆண்டிலே வெளியிட்டார். மனவுறுதிப் பயிற்சி, தியானப் பயிற்சி முதலியவற்றிலே கலந்துகொண்டோரின் மனநலம், கலந்துகொள்ளாதோரைவிட மேம்பட்டதாகத் தெரியவில்லை. தொண்டுப் பணி செய்ய வாய்ப்புத் தருவது ஒன்றே விதிவிலக்கு. மூச்சுப் பயிற்சி தீது என்று நாம் சொல்லவில்லை. கூரை ஒழுகும் வீட்டிலே, குடியிருப்பவருக்கு நீந்தக் கற்றுத்தருவது முறையா என்றே கேட்கிறோம். கூரையை வேயுங்கள்!

உலக நல நிறுவனமும் இதையே வேறு மொழியில் சொல்லியிருக்கிறது. பணியிடத்தின் நீங்காத நெருக்கடியால் ஏற்படும் சோர்வு, பணிமீது கசப்பு, தன் திறமைமீதே நம்பிக்கையின்மை — இம்மூன்றும் சேர்ந்த பணிச்சிதைவை, 2019ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட நோய்ப் பட்டியலிலே நோய் என்று எழுதவில்லை அவர்கள். தொழில் சார்ந்த நிகழ்வு என்றே எழுதினர். கோளாறு எங்கே என்பதைக் கவனித்தீர்களா? தனி ஒருவரின் மண்டைக்குள்ளே மட்டும் தேடினால் கிடைக்காது. பணியிடத்திலே தேட வேண்டும்.

இனி, நம் பக்கத்திலிருந்தே எழும் கேள்வி ஒன்று. "வெயிலிலே தார் ஊற்றுபவன் துன்பத்தைவிடவா இவர்கள் துன்பம் பெரிது?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். நேர்மையான கேள்வி. துன்பங்களைத் தராசிலே நிறுத்துப் பார்த்து, கனமானதற்கு மட்டுமே நியாயம் என்றால், உலகிலே ஒரே ஒருவருக்குத்தான் நியாயம் கிடைக்கும்! 1918ஆம் ஆண்டு சென்னைப் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள், சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்டபோது, தம்மினும் துன்புறுவோர் இல்லை என்று மெய்ப்பித்துவிட்டா சங்கம் வைத்தார்கள்? 1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் கொடியேற்றியபோது, எவர் துயர் பெரிது என்று போட்டி வைத்தா ஏற்றினார்? உழைப்பு எங்கே மறைக்கப்படுகிறதோ, அங்கே அதன் பெயரை உரக்கச் சொல்வதுதான் தொழிலாளர் இயக்கம் நமக்குக் கற்பித்த பாடம். கணக்கில் வராத உழைப்பு எவருடையதாயினும் சுரண்டலுக்கு இடம் தரும்.

மற்றொரு மறுப்பு, மென்மையான குரலில் வரும்: "ஆசிரியரின் அன்பு விலைமதிப்பற்றது. அதற்குக் கணக்குப் போட்டால் அன்பு கெட்டுவிடாதா?"

செருமானிய அறிஞர் கான்ட், 1785ஆம் ஆண்டிலே, விலைக்கும் மாண்புக்கும் வேறுபாடு காட்டினார். விலையுள்ள பொருளுக்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம்; மாண்புடையதற்கு ஈடு கிடையாது என்றார். நன்று! ஆசிரியரின் அன்பு மாண்புடையது, அதற்கு ஈடில்லை, ஒப்புகிறோம். ஈடில்லாத ஒன்றை என்ன செய்வார்கள், அறிவுள்ளவர்கள்? பொத்திப் பாதுகாப்பார்கள். இங்கோ, விலையில்லை என்பதைக் காசில்லாமல் கிடைக்கும் என்று பொருள்படுத்திக்கொண்டு, அள்ளி அள்ளிச் செலவழிக்கிறார்கள். மனிதரை வெறும் கருவியாக்காதே என்றவரும் அதே கான்ட்தான். மாணவரின் கண்ணீரைத் துடைக்கும் துணியாக ஆசிரியரை ஆக்கி, துணி கிழிந்ததும் வேறு துணி தேடுவது எந்த அறத்தில் சேர்த்தி?

சரி, ஆதரவு ஆதரவு என்கிறோமே, அது என்ன? தோளைத் தட்டி, "எல்லாம் சரியாகிவிடும்" என்பது மட்டுமன்று. சேம்சு அவுசு எனும் அமெரிக்க அறிஞர் 1981ஆம் ஆண்டிலே அதனை நான்காகப் பகுத்தார். பரிவோடு கேட்பது ஒன்று; வேலையிலே கைகொடுப்பது மற்றொன்று; வேண்டிய செய்தியும் வழியும் சொல்வது மூன்றாவது; செய்த பணியை மதித்து, மெய்யான மதிப்பீட்டைச் சொல்வது நான்காவது. அதற்கு முன்பே, 1979ஆம் ஆண்டில், கராசெக் என்பவர் இன்னொன்றைக் காட்டியிருந்தார்: சுமை மிகுந்து, அதைச் செய்யும் முறையைத் தீர்மானிக்கும் அதிகாரம் குறைந்த இடத்திலேதான் மனநெருக்கடி மிகுகிறது. சுமையைப் போலவே, சொல்லுரிமை இல்லாமையும் மனிதரை முறிக்கிறது.

இந்த அளவுகோலை நம் கல்லூரிகளிலே வைத்துப் பாருங்கள். மாணவரின் மனக்குறை கேட்க, அதற்கென்றே பயின்ற ஆலோசகர் முழுநேரப் பணியில் இருக்கிறாரா? இருந்தால், ஆசிரியர் மருத்துவராகவும் நடிக்க வேண்டியதில்லை. தன்னுயிரை மாய்க்க எண்ணும் மாணவியை யாரிடம், எப்படி அழைத்துச் செல்வது என்று ஆசிரியருக்கு எவரேனும் சொல்லித் தந்திருக்கிறார்களா? புதிதாய்ச் சேர்ந்தவரின் கையைப் பிடித்துக்கொள்ள மூத்தவர் ஒருவர் உண்டா? அல்லது, "நாங்கள் பட்டதை நீயும் படு" என்பதுதான் மூத்தோர் வழங்கும் வாழ்த்தா? பாடத்திட்டம் வகுக்கும் கூட்டத்திலே, பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளருக்கு நாற்காலி உண்டா? பேசினால் அடுத்த ஆண்டு வேலை இருக்குமா? இவை கருணை வேண்டி நீட்டும் மனுக்களல்ல. ஒரு பணியைப் பணியாக நடத்தத் தேவையான கருவிகள். தச்சருக்கு உளி தராமல் நாற்காலி கேட்போமா?

இன்னொரு தடையும் இருக்கிறது. அது நம் சமுதாயத்தின் மண்டையிலேயே குடியிருக்கிறது. மனம் சோர்ந்தது என்று ஒருவர் வாய்திறந்தால், "பைத்தியமா?" என்று கேட்கும் நாடு இது. பேய் என்றும் ஏவல் என்றும் சொல்லிச் சங்கிலியால் கட்டிப்போட்ட நாடு. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியிலே, 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் தீப்பிடித்தபோது, சங்கிலியிலே பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி மாண்டார்கள், 28 உயிர்கள்! அந்தச் சங்கிலி இரும்பால் மட்டும் ஆனதா? மூடநம்பிக்கையாலும் ஆனது; வெட்கத்தாலும் ஆனது. படித்த ஆசிரியரின் வாயைக் கட்டுவதும் அதே வெட்கந்தான். "வகுப்பெடுக்கத் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்களோ?" என்று அஞ்சி, மருத்துவரிடம் போவதையே மறைக்கிறார் அவர். மனநல மருத்துவம் பெறுவது உரிமை என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 14416 என்ற எண்ணிலே கட்டணமில்லாத் தொலைபேசி உதவி 2022 முதல் இயங்குகிறது. சட்டம் வந்துவிட்டது, எண்ணும் வந்துவிட்டது, வெட்கம் மட்டும் போகவில்லை. அதைப் போக்க வேண்டியது பகுத்தறிவாளரின் வேலை.

இளைஞர்களே! இதனை ஆசிரியர்களின் சொந்தக் குறை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆசிரியர் முறிந்தால் முதலில் இழப்பது யார்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி உண்டு. வழிகாட்ட மாமா உண்டு. சோர்ந்தால் சாய்ந்துகொள்ளப் படித்த தாய் உண்டு. முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அந்த ஓர் ஆசிரியர்தான் எல்லாம். நெடுநாள் போராடித் திறந்த கதவு அது. கதவருகே நின்று கைகொடுத்து உள்ளே அழைப்பவர் தளர்ந்து விழுந்தால், கதவு திறந்திருந்தும் பயன் என்ன?

செப்டம்பர் 5ஆம் நாள் வருகிறது, ஆண்டுதோறும். மாலை, மேடை, "தெய்வமே!" என்ற முழக்கம். உலகம் ஆசிரியர் நாளைக் கொண்டாடுவது அக்டோபர் 5ஆம் நாள். ஏன் அந்த நாள்? 1966ஆம் ஆண்டு அந்நாளிலேதான், ஆசிரியரின் ஊதியம், ஓய்வு, பணிப்பாதுகாப்பு, கருத்துரிமை பற்றிய பரிந்துரையை உலக நாடுகள் ஏற்றன. கல்லூரி ஆசிரியருக்கெனத் தனிப் பரிந்துரை 1997ஆம் ஆண்டிலே வந்தது. மாலையின் நினைவாக ஒரு நாள். உரிமையின் நினைவாக ஒரு நாள். எந்த நாளை நாம் கொண்டாடப் போகிறோம்?

மாலை வாங்கும் காசிலே ஒரு தாள் வாங்குங்கள், தோழர்களே. உங்கள் கல்லூரியிலே கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர், எந்த மாதம் வரை ஊதியம் வந்தது, மாணவர் ஆலோசகர் இருக்கிறாரா — இம்மூன்றையும் கேட்டு அதிலே எழுதுங்கள். எழுதியதைக் கல்லூரி முதல்வரிடம் கொடுங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் கொடுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.